மஞ்சள் நீரில் அலசிய கோழி

நம் வீடுகளில் இறைச்சியைச் சுத்தம் செய்ய எடுத்துக்கொள்ளும் சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. கோழியின் தோலை உரித்து, கொழுப்பை நீக்கி, ரத்தக் கட்டிகளைக் கிள்ளி எறிந்து, கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்டுத் தேய்த்து, மூன்று நான்கு தண்ணீரில் அலசுகிறோம். ஆட்டிறைச்சி என்றால் எலுமிச்சையோ தயிரோ கூடச் சேரும். மலேசியாவின் செந்தூலில், பிரிக்பீல்ட்ஸில், கடல் தாண்டி ஜார்ஜ் டவுனில், எந்தத் தமிழ் வீட்டுச் சமையலறையிலும் இதைப் பார்க்கலாம். அதே சமையலறையில், கோழியைப் பிசைந்த கை அப்படியே மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்கும். மதியம் வைத்த கோழிக் கறி இரவுவரை அடுப்பின் மேலேயே மூடிக் கிடக்கும்.

சுத்தத்தில் நமக்கு அக்கறை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அக்கறை போய்ச் சேரும் இடம்தான் சிக்கல். ரத்தம், வழவழப்பு, கவுச்சி என்று கண்ணுக்குத் தெரிவதையும் மூக்குக்கு எட்டுவதையும் நாம் விடாமல் துரத்துகிறோம். வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இறைச்சியை நாறவைக்கும் பாக்டீரியா ஒரு கூட்டம். நோய் தரும் பாக்டீரியா வேறு கூட்டம். சால்மோனெல்லா நிறைந்த கோழி, அன்று காலையில் அறுத்த கோழியைப் போலவே பளிச்சென்று இருக்கும். சுகாதார அமைச்சு சொல்லிவரும் 'லிஹாட், ஹிடு, ராசா', அதாவது பார், முகர், சுவை என்ற அறிவுரை, கெட்டுப்போன சாப்பாட்டை இனம்காண உதவும். அந்த மூன்றிலும் தேறிய சாப்பாட்டில் நோய்க்கிருமி இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. பார்வையிலும் வாடையிலும் சந்தேகம் வந்துவிட்டால் சுவைத்துப் பார்க்கவே வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

அறிந்திருப்பதற்கும் செய்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அமெரிக்க விவசாயத் துறை 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. தீங்கற்ற, தடம் காணக்கூடிய ஒரு பாக்டீரியாவைக் கோழித்துண்டுகளில் முன்கூட்டியே சேர்த்து, மக்களைச் சமைக்கச் சொல்லி, அது எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 விழுக்காட்டினரின் கழுவுதொட்டியில் அது இருந்தது. 26 விழுக்காட்டினரின் சாலட் கீரையிலேயே ஏறிவிட்டது. பலரும் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொண்டு, 'கோழியைக் கழுவாதே' என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். மூன்றாவது எண் அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். கோழியைக் கழுவாதவர்களிலும் 31 விழுக்காட்டினரின் கீரையில் அதே பாக்டீரியா இருந்தது. கையைச் சரியாகக் கழுவாததும், தொட்டியும் பாத்திரங்களும் அசுத்தமானதுமே அதற்குக் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆக, கழுவுவதா வேண்டாமா என்ற சண்டையைவிட, பச்சை இறைச்சியைத் தொட்ட கை அடுத்து எதைத் தொடுகிறது என்பதே பெரிய கேள்வி.

கோழியைப் பொறுத்தவரை இரண்டு கிருமிகளைத் தெரிந்துகொண்டால் மற்ற விதிகளெல்லாம் ஏன் என்று புரியும். முதலாவது காம்பைலோபாக்டர். அது 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பெருகாது, காய்ந்த இடத்தில் சீக்கிரம் செத்துவிடும். ஆனால் ஏறத்தாழ 500 உயிரணுக்கள் உள்ளே போனாலே ஒருவரைப் படுக்கவைக்கும். பாக்கெட்டின் அடியில் தேங்கும் இளஞ்சிவப்பு நீரின் ஒரு துளியிலேயே அவ்வளவு இருக்கலாம். இதற்குப் பெருக நேரம் தேவையில்லை. வெள்ளரிக்காய்மேல் ஒரு துளி தெறித்தால் போதும். இரண்டாவது சால்மோனெல்லா. இது பெருகக்கூடியது. உகந்த சூட்டில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்; 100 இருந்தால் நான்கு மணி நேரத்தில் நான்கு லட்சம். நம் சமையலறையின் 30 டிகிரியில் கொஞ்சம் மெதுவாகப் பெருகும், ஆனால் நிற்காது. துளிக்குப் பயப்பட வேண்டியது முதலாவதற்காக. கடிகாரத்தைப் பார்க்க வேண்டியது இரண்டாவதற்காக.

கடிகாரம் பசாரிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. சௌகிட்டிலோ பூடுவிலோ பினாங்கு சௌராஸ்தாவிலோ, ஐஸ் இல்லாத மேசையில் அடுக்கிய கோழி காலை 7 மணிக்கு இருந்த நிலையில் 11 மணிக்கு இருக்காது. சீக்கிரம் போவது முதல் வேலை. பசாருக்குள் காய்கறி, மளிகை எல்லாம் வாங்கி முடித்த பிறகு, கடைசியாக இறைச்சிக் கடைக்குப் போவது இரண்டாவது. பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள்: நல்ல துண்டு தீர்ந்துவிடும் என்று முதலில் கோழியை வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டே ஒரு மணி நேரம் சுற்றி, பசியாறிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்துவிட்டு, கிளம்பும்போது வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்ணெதிரே அறுத்துக் கொடுக்கும் கோழிதான் சுத்தம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. புதியது என்பது உண்மை. ஆனால் இறகு எடுக்க முக்கும் வெந்நீரைப் பாருங்கள். காலையிலிருந்து பல கோழிகள் அதே நீரில் முங்கி எழுந்திருக்கும். ஒரு கோழியின் எச்சத்தில் இருந்தது அடுத்த கோழிக்கு ஏறும். இறகு பிடுங்கும் இயந்திரத்தின் ரப்பர் விரல்களும் அப்படியே. நீரை அடிக்கடி மாற்றும் கடையை, வெட்டுக்கட்டையை நடுநடுவே சுரண்டிக் கழுவும் கடையை, பணம் வாங்கும் கையும் இறைச்சி வெட்டும் கையும் வேறுவேறாக இருக்கும் கடையைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. பேரங்காடியில் பொட்டலமாக வாங்கினால் கால்நடைச் சேவைத் துறையின் வி.எச்.எம். முத்திரையைத் தேடுங்கள். அறுப்பு, பதப்படுத்தல் கூடங்களைச் சோதித்துத் தரும் அடையாளம் அது.

உறைந்த ஆட்டிறைச்சியில் கவனிக்க வேண்டியது வேறு. நம் ஊரில் விற்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து உறைநிலையில் வருவது. பொட்டலத்துக்குள் சிவப்பு ஐஸ் திரண்டு ஒரு மூலையில் கட்டிக் கிடந்தால், அது நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. எடுக்காதீர்கள். ரம்பத்தில் அறுத்துக் கொடுக்கும்போது எலும்புத் தூள் ஒட்டியிருக்கும். அதை வீட்டில் துடைத்து எடுத்துவிடலாம்.

பையை இன்னொரு பைக்குள் போடச் சொல்லுங்கள். கீரையும் கொத்தமல்லியும் இருக்கும் கூடைக்குள் அதை வைக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 50 டிகிரியைத் தாண்டும். சௌகிட்டிலிருந்து கிள்ளானுக்கோ, சௌராஸ்தாவிலிருந்து பாலம் கடந்து பிறைக்கோ போகிறவர்கள் ஐஸ்கட்டி போட்ட ஒரு பெட்டியைக் காரில் வைத்திருப்பது நல்லது. வாங்கியதிலிருந்து வீட்டு ஐஸ்பெட்டிக்குள், அதாவது குளிர்சாதனப் பெட்டிக்குள், போகும்வரை மொத்தம் இரண்டு மணி நேரம். வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம். கோலாலம்பூர் மதியத்துக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும்.

இனி கழுவுதல். உலகெங்கும் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்வது ஒன்றே: கோழியைக் கழுவ வேண்டாம். குழாய் நீர் இறைச்சியில் பட்டுத் தெறிக்கும் நுண்துளிகள் 50 சென்டிமீட்டருக்கு மேல் பறக்கும். குழாய் எவ்வளவு உயரமோ, தெறிப்பும் அவ்வளவு அதிகம். நம் அடுக்குமாடி வீடுகளில் தொட்டிக்கு இடப்பக்கம் கழுவிக் கவிழ்த்த தட்டுகள், வலப்பக்கம் அரிசி களைந்த பாத்திரம், நடுவில் கோழி. 50 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் முழுச் சமையலறையும் அடங்கிவிடும். கழுவுவதால் கோழியிலிருக்கும் கிருமி குறிப்பிடும்படி குறைவதும் இல்லை. தோலின் மடிப்பிலும் சதையின் இழையிலும் ஒட்டியவை தண்ணீருக்கு அசையாது. மஞ்சள்தூளுக்குக் கிருமியை எதிர்க்கும் தன்மை உண்டு என்பது ஆய்வுக்கூடத்தில் உண்மை. ஒரு தேக்கரண்டித் தூளை ஐந்து நிமிடம் தேய்த்து அலசுவதால் சமையலறையில் அது நடக்காது. எலுமிச்சையும் புளியும் உப்பும் அப்படித்தான். அவை கவுச்சியைக் குறைக்கும், சதையை இறுக்கும், மணத்தை மாற்றும். கிருமியைக் கொல்லும் வேலை நெருப்புக்கு மட்டுமே உரியது.

இதைச் சொன்னதும் எந்தப் பாட்டியும் நாளையிலிருந்து கோழியைக் கழுவாமல் சட்டியில் போடப்போவதில்லை. போடச் சொல்வதும் நியாயமில்லை. பேரங்காடிப் பொட்டலத்துக்கு எழுதிய அறிவுரை, இறகுத் தூரும் ரத்தமும் எலும்புச் சிதறலும் ஒட்டிய பசார் கோழிக்கு அப்படியே பொருந்தாது. அதனால் கழுவுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது, எப்படிக் கழுவுவது என்பதே.

முதலில் தொட்டியைச் சுற்றி இருப்பதையெல்லாம் அப்புறப்படுத்துங்கள். பச்சையாகச் சாப்பிடும் எல்லாவற்றையும், பச்சடிக்கு வெள்ளரி, மேலே தூவக் கொத்தமல்லி, பக்கத்தில் வைக்க வெங்காய வளையம், கோழியைத் தொடுவதற்கு முன்பே நறுக்கி மூடி வேறிடத்தில் வைத்துவிடுங்கள். கறி வெந்துவிடும், இவை நெருப்பையே பார்ப்பதில்லை. பிறகு ஓர் ஆழமான பாத்திரத்தைத் தொட்டிக்குள் வைத்து, அதில் பாதி தண்ணீர் பிடித்து, குழாயை மூடிவிடுங்கள். கோழியை அந்த நிலைநீருக்குள் மெல்ல இறக்கி, நீருக்கு அடியிலேயே கையால் தடவிச் சுத்தம் செய்யுங்கள். ஓடும் குழாய்க்குக் கீழே கோழியைக் காட்ட வேண்டாம். அலசிய நீரைத் தொட்டியின் ஓட்டைக்கு அருகே தாழ்த்திப் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். மஞ்சள், உப்பு போடுவதென்றால் பாத்திரத்துக்குள்ளேயே போட்டு அதே முறையில் வடியுங்கள். ரத்தக் கட்டியையும் இறகையும் டிஷ்யூ தாளால் எடுத்தால் இன்னும் நல்லது. தாளை உடனே குப்பையில் போட்டுவிடலாம்.

முடிந்ததும் தொட்டி, குழாய்ப் பிடி, பக்கத்து மேடை, பாத்திரம் எல்லாவற்றையும் முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அதன்பிறகே குளோராக்ஸ் போன்ற வாசனை சேர்க்காத சலவைக் குளோரின். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி. ஊற்றியதும் துடைத்துவிடாமல் சில நிமிடம் நனைந்திருக்க விட்டு, பிறகு காயவிடுங்கள். சோப்புக்கு முன் குளோரின் ஊற்றினால் ரத்தமும் கொழுப்பும் அதன் வலிமையைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. கலக்கிய நீரை அன்றே பயன்படுத்துங்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ இருக்கும் தொட்டியில் இதை ஊற்றக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். எலுமிச்சை போட்டு ஆட்டிறைச்சி அலசுகிற நம் வழக்கத்துக்கு இந்த எச்சரிக்கை நேராகப் பொருந்தும். முதலில் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

இப்போது கைக்கு வருவோம். கோழியில் மசாலா பிரட்டும் அந்த ஐந்து நிமிடம்தான் சமையலறையிலேயே ஆபத்தான நேரம். உப்பு போதவில்லை என்று உப்பு ஜாடி. காரம் வேண்டும் என்று அஞ்சறைப் பெட்டி. தயிர் எடுக்க ஐஸ்பெட்டியின் கைப்பிடி. செய்முறைக் காணொளியை நகர்த்தக் கைப்பேசி. அவற்றில் எதையும் நாம் கழுவுவதில்லை. உலர்ந்த மிளகாய்த்தூளில் சால்மோனெல்லா பெருகாவிட்டாலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதற்கு மன உறுதி எதுவும் தேவையில்லை, வரிசையை மாற்றினால் போதும். கோழிப் பையைப் பிரிப்பதற்கு முன்பே மசாலா எல்லாவற்றையும் அளந்து ஒரு கிண்ணத்தில் கொட்டி, தயிரையும் எண்ணெயையும் அதில் சேர்த்துக் கலக்கி வைத்துவிடுங்கள். உப்பைச் சிறிது தாராளமாகத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். ஒரு பிடி உப்பு போனால் போகட்டும்.

கை கழுவுவது 20 விநாடி, சோப்போடு, நகத்துக்கு அடியிலும் விரலிடுக்கிலும். மோதிரம் போட்டிருந்தால் கழற்றி வைத்துவிட்டே கோழியைத் தொடுங்கள்; மோதிரத்துக்கு அடியில் சோப்பு போகாது. கையுறை போட்டவர்கள் கையே கழுவ வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோழியைத் தொட்ட கையுறை கோழியைத் தொட்ட கைதான். ஈரக் கையைத் துடைக்கும் துணி இன்னொரு வழி. மேடை, கை, சட்டியின் பிடி எல்லாவற்றுக்கும் ஒரே துணி, நாள் முழுக்க ஈரமாக. இறைச்சி நீரைத் துடைக்க டிஷ்யூவையே பயன்படுத்தி, துணியைத் தினமும் சோப்பில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

பலகை இரண்டு வேண்டும்: ஒன்று பச்சை இறைச்சிக்கு, ஒன்று மற்றவற்றுக்கு. நிறம் வேறாக இருந்தால் வீட்டுக்கு வரும் உறவினர்களும் தவறு செய்ய மாட்டார்கள். கத்திக் கீறல் ஆழமாகி நகம் சிக்கும் அளவுக்குப் போனால் மாற்றிவிடுங்கள். அரிவாள்மனை வைத்திருப்பவர்கள், இரும்பு கட்டைக்குள் இறங்கும் இடுக்கைப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். அங்கே சேரும் கொழுப்பு தண்ணீர் ஊற்றினால் மட்டும் போகாது.

ஐஸ்பெட்டியில் இறைச்சி எப்போதும் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவுக்குள். 4 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ கோழியும் கொத்திய இறைச்சியும் ஒன்றிரண்டு நாள், ஆட்டிறைச்சித் துண்டுகள் மூன்றிலிருந்து ஐந்து நாள். அதற்கு மேல் என்றால் மைனஸ் 18 டிகிரியில் உறையவையுங்கள். உறைவது கிருமியைத் தூங்கவைக்கும், கொல்லாது. உருகவைப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் காலையில் வேலைக்குப் போகும்போது கோழியை வெளியே எடுத்து வைத்துவிட்டு மாலையில் வந்து சமைப்பது பரவலான வழக்கம். உள்ளே ஐஸாக இருக்கும்போதே வெளிப்புறம் அறைச் சூட்டுக்கு வந்து, எட்டு ஒன்பது மணி நேரம் அப்படியே கிடக்கும். முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். இரண்டு, இரண்டரைக் கிலோவுக்கு 24 மணி நேரம் ஆகும். அவசரம் என்றால் நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். அரைக் கிலோ ஒரு மணி நேரத்தில் உருகும், உடனே சமைத்துவிட வேண்டும்.

அடுப்பில் நம் சமையல் நமக்கு உதவியாக இருக்கிறது. குழம்பில் கொதிக்கும் துண்டு, பிரஷர் குக்கரில் வேகும் ஆட்டிறைச்சி, இவற்றுக்குப் பயப்படத் தேவையில்லை. தப்பு நடப்பது பொரியலிலும் சுடுவதிலும். பாதி உறைந்த தொடைக்கறியைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் மசாலா கருகி வெளியே பொன்னிறமாகும், எலும்பை ஒட்டிய சதை பச்சையாகவே இருக்கும். நிறத்தை நம்ப முடியாது. இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் சிவப்பு, நன்றாக வெந்த பிறகும் தெரியலாம். வெள்ளையாகத் தெரியும் சதை வேகாமலும் இருக்கலாம். உணவு வெப்பமானியின் முனையைத் துண்டின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் செருகிப் பாருங்கள். கோழிக்கு 74 டிகிரி, கொத்திய இறைச்சிக்கு 71. வெப்பமானி சரியா என்று பார்க்க ஐஸ் நிறைந்த நீரில் வையுங்கள். 0 காட்ட வேண்டும்.

சாத்தே சுடும்போது பச்சைக் குச்சியின்மேல் எண்ணெய் தடவும் அதே செராய் (எலுமிச்சைப்புல்) தண்டால் வெந்த குச்சியின்மேலும் தடவுவார்கள். இரண்டு தண்டு, இரண்டு கிண்ணம் வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை. பச்சையாகக் கொண்டுவந்த தட்டிலேயே வெந்ததை அடுக்க வேண்டாம்.

ஈரலையும் சுவரொட்டியையும் தனியாகச் சொல்கிறேன். ரத்தச்சோகைக்கு நல்லது என்று பிள்ளை பெற்றவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பது நம் வழக்கம். சுவரொட்டியைத் தணலில் வாட்டி, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே கொடுத்தால்தான் சத்து என்பவர்களும் உண்டு. காம்பைலோபாக்டர் கோழி ஈரலின் மேற்பரப்பில் மட்டுமல்ல, உட்சதையிலும் இருக்கும். வேகாத ஆட்டிறைச்சியில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்பிணிக்கு வந்தால் கருவைத் தாக்கும். இரும்புச் சத்து வேகவைப்பதால் ஓடிவிடாது. உள்ளே சிவப்பே இல்லாமல் வேகவையுங்கள். யாருக்குத் தாங்கும் சக்தி குறைவோ அவர்களுக்கே அரைவேக்காடு கொடுக்கிறோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

இனி பெரிய சட்டி. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, கோயில் திருவிழா, கல்யாணம் என்று 10 கிலோ, 20 கிலோ இறைச்சி வேகும் இடங்களில், வீட்டுச் சமையலின் பாதுகாப்பு பாதி போய்விடுகிறது. 2013இல் கெடாவில் ஒரு திருமண விருந்தின் கோழிச் சமையலைச் சாப்பிட்டவர்களில் நான்கு பேர் உயிரிழந்தார்கள், சால்மோனெல்லாதான் காரணம்.

சட்டி பெரிதானால் புதிதாக ஒரு கிருமியும் சேர்ந்துகொள்ளும்: கிளாஸ்டிரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ். அதன் வித்துகள் கொதியிலும் சாகாது. கொதி குழம்பிலிருந்த ஆக்சிஜனை விரட்டிவிடும். ஆக்சிஜன் இல்லாத இடமே அதற்குப் பிடித்த இடம். சட்டி மெல்ல ஆறும்போது வித்து முளைத்து, 45 டிகிரிக்கு அருகில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இரவு 11 மணிக்கு இறக்கி மூடிவைத்த 15 லிட்டர் சட்டியின் நடுப்பகுதி விடியும்வரை அந்தச் சூட்டைச் சுற்றியே இருக்கும். வாடை மாறாது, ருசி மாறாது. மதியம் சாப்பிட்டவர்களுக்கு இரவு வயிற்றுவலியும் பேதியும்.

ஆகவே இறக்கியதும் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றுங்கள். தட்டுகளை ஐஸ் நீரில் வைத்து, கரண்டியால் கிளறிக்கொடுங்கள். ஆவி அடங்கும்வரை இறுக மூட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும். சூடாக வைத்தால் ஐஸ்பெட்டி கெட்டுவிடும் என்ற பயம் பழைய காலத்தது. பெரிய சட்டியை அப்படியே திணித்தால்தான் உள்ளிருக்கும் மற்றவை சூடேறும். சிறு டப்பாக்களாக வெதுவெதுப்பாக வைத்தால் தாங்கும்.

மறுநாள் குமிழ்விட்டுக் கொதிக்கும்வரை சூடாக்குங்கள். பெர்பிரிஞ்சன்ஸின் வளர்ந்த உயிரணுக்கள் அதில் செத்துவிடும். ஆனால் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பரிமாறுகிறவரின் கைப்புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ வரும் ஸ்டெபிலோகாக்கஸ், அறைச் சூட்டில் கிடக்கும் கறியில் ஒரு நச்சை உண்டாக்கும். பிரியாணிச் சோற்றில் பசில்லஸ் சீரியஸ் என்பது இன்னொரு நச்சை உண்டாக்கும். இரண்டும் கொதிக்கு அழியாது. சுண்டக்கறி பிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாள்தோறும் கொதிக்கவைப்பதில் தவறில்லை, இரண்டு கொதிக்கு நடுவே எட்டு மணி நேரம் அடுப்புமேல் விடுவதில்தான் தவறு. நடுவில் ஐஸ்பெட்டிக்குப் போகட்டும். மூன்று நான்கு நாளுக்கு மேல் இழுக்க வேண்டாம்.

திறந்த இல்ல உபசரிப்பில் காலை 10 மணிக்கு வைத்த பாத்திரத்தில் மாலைவரை புதுக் கறியை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அடியில் கிடப்பது காலைக் கறி. சிறு பாத்திரத்தில் வைத்து, தீர்ந்ததும் வேறு பாத்திரம் எடுத்து வாருங்கள். அடியில் மெழுகோ ஜெல்லோ எரியும் சூட்டுப்பாத்திரம் ஏற்கெனவே கொதித்ததைச் சூடாக வைத்திருக்கும், ஆறியதைச் சூடாக்காது. நாசி கண்டார் கடையிலும் இதே கணக்குதான்: ஆவி பறக்கும் குழம்பு, 60 டிகிரிக்கு மேல் நிற்கும் பாத்திரம் இருக்கும் கடையில் சாப்பிடுங்கள். விருந்தாளிக்குக் கட்டிக் கொடுப்பதென்றால், மேசையில் கிடந்ததைக் கொடுக்காமல் ஐஸ்பெட்டியில் இருப்பதைக் கொடுங்கள். அவர் ஈப்போ போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகலாம்.

யாருக்காவது வந்துவிட்டால், கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவது நம் இயல்பு. நேரம் வேறு கதை சொல்லும். சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் ஸ்டெபிலோகாக்கஸ் போன்ற நச்சு. 6 முதல் 24 மணி நேரத்தில் பேதி என்றால் பெர்பிரிஞ்சன்ஸ். சால்மோனெல்லா பெரும்பாலும் 6 மணி முதல் மூன்று நாள்வரை எடுத்துக்கொள்ளும், காம்பைலோபாக்டர் இரண்டு முதல் ஐந்து நாள். ஆகவே முந்தைய ஐந்து நாள் சாப்பிட்டதை எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். உப்புச்சர்க்கரைக் கரைசலைச் சிறுசிறு மிடறாகக் கொடுத்துவாருங்கள். மலத்தில் ரத்தம், அடங்காத காய்ச்சல், சிறுநீர் குறைவது, மூன்று நாளுக்கு மேல் நீளும் பேதி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தையோ முதியவரோ கர்ப்பிணியோ என்றால் இவை எதற்கும் காத்திருக்க வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையை ரத்தப்போக்கு இருக்கும்போது கொடுக்கக் கூடாது.

நம் நாட்டில் உணவு நச்சு, 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. ஒரே விருந்தில் பலருக்கு வந்திருந்தால், பயந்துபோய் மிச்சத்தைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவிவிடாதீர்கள். மிச்சமிருக்கும் கறியைச் சுத்தமான டப்பாவில் மூடி ஐஸ்பெட்டியில் வைத்து, 'சாப்பிட வேண்டாம்' என்று எழுதி ஒட்டி, சமைத்த நாளையும் நேரத்தையும் அதிலேயே குறித்து வையுங்கள். அதிகாரிகள் வந்து மாதிரி எடுப்பதற்கு அது வேண்டும்.